ஆறு கொக்கி, 480 ரூபாய்

ஒருதரம் போட்ட சட்டையைத் துவைக்கவும் மனசு வராது, பீரோவுக்குள் திரும்ப வைக்கவும் பிடிக்காது. எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு நாற்காலி இருந்தது. அதில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. போன ஆவணியில் கடைத்தெருவுக்குப் போனபோது சுவரில் அடித்துத் துணி மாட்டும் இந்தக் கொக்கிப் பலகையை வாங்கினேன். மூன்றடி நீளம், ஆறு கொக்கி, 480 ரூபாய்.

அதைச் சுவரில் மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கும்பகோணத்தில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு, சுண்ணாம்புக் காரைச் சுவர். பெட்டியில் இருந்த பிளாஸ்டிக் பிளக்கைச் சுவர்த் துளையில் செருகி ஸ்க்ரூவைத் திருகினால் பிளக்கும் சேர்ந்து சுற்றுகிறது, காரை பொலபொலவென்று கொட்டுகிறது. கடைசியில் தச்சர் வந்து, துளையைப் பெரிதாக்கி மரக்கட்டை அடித்து, அதில் முடுக்கினார். கூலி 300. சிமெண்ட் சுவர்க்காரர்களுக்கு இந்தத் தொல்லை இருக்காது.

பலகை நல்ல கனம். கொக்கிதான் மட்டம். முலாம் பூசிய இரும்பு. ஐப்பசி அடைமழையில் இரண்டு கொக்கி துருவேறிவிட்டது. எட்டு முழ வேட்டியில் செம்மண் நிறத்தில் ஒரு பொட்டு, இன்னும் போகவில்லை. கடையில் கேட்டேன். "மழைக்குத் துரு பிடிக்காத இரும்பு ஏது சார்?" என்றார். இப்போது பழைய சைக்கிள் டியூபை நறுக்கிக் கொக்கிக்கு உறை போட்டிருக்கிறேன்.

ஆனாலும் கழற்ற மாட்டேன். ஆறே ஆறு கொக்கி இருப்பதுதான் காரணம். நாற்காலி எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கொள்ளும். இதில் ஏழாவது துணி வந்தால் ஏதோ ஒன்று துவைக்கப் போயாக வேண்டும். ஆளுக்கு இரண்டு என்று பிரித்துக்கொண்டோம். சாரங்கபாணி கோயிலுக்கு அரைமணி கட்டிப் போன வேட்டி கொக்கிக்கு. வலங்கைமான் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த சட்டை நேரே அழுக்குக்கூடைக்கு. பையன் மட்டும் தன் இரண்டு கொக்கிக்கும் சேர்த்து ஒரே ஜீன்ஸை மாட்டி வைத்திருக்கிறான், ஒரு மாதமாக.

பட்டுப்புடவைக்கு இது ஆகாது. கொக்கி முனையில் தொங்கினால் அந்த இடம் இழுத்துவிடும். என் மனைவி திருபுவனம் பட்டு கட்டி முகூர்த்தத்துக்குப் போய்வந்தால், ராத்திரி முழுக்கக் கூடத்துக் கொடியில் வியர்வை ஆற விடுவாள். மறுநாள் மடிப்பை மாற்றி மடித்துத்தான் பீரோ. பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டிருந்தால் சரிகை அங்கேதான் முறியும்.

கருப்புச் சட்டை மாட்டினால் கொசு அடையும், உதறிவிட்டுப் போடுங்கள். ஒருநாள் நான் உதறாமல் போட்டுக்கொண்டு, பல்லியோடு பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டேன்.