பில்லில் ஏறிய சார்ஜர் வண்டியில் ஏறவில்லை

மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வண்டியில்) பழைய ஈய அமில பேட்டரியைக் கழற்றிவிட்டு லித்தியம் போட்டுக்கொண்டவர்களும் போட நினைப்பவர்களும் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். ஒரு பணிமனை என்னிடம் பணம் வாங்கிக்கொண்டு பொருளை வைக்காமல் விட்டுவிட்டது. பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். அவர்கள் செய்துவைத்த வேலை, ஓடும் வண்டியில் தீப்பிடிக்கக் கூடிய வேலை. என் கோபமெல்லாம் அதனால்தான்.

பேசி முடித்தது இவ்வளவு: 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இரண்டு, என்ஜின் ஓடும்போது அவற்றைச் சார்ஜ் செய்ய 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்று, கூலி. மூன்றும் பில்லில் தனித்தனி வரியாக இருக்கின்றன. வண்டியை எடுக்கப் போனபோது இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியை மூடித் திருகி வைத்திருந்தார்கள். திறந்து காட்டச் சொன்னேன். "திறந்தால் வாரண்டி போய்விடும்" என்றார் உரிமையாளர். பேட்டரியைப் பிரித்தால் வாரண்டி போகும். பேட்டரி வைத்திருக்கும் பெட்டியின் மூடியைத் திறந்தால் எப்படிப் போகும்? யாராவது உங்களிடம் இதைச் சொன்னால் அங்கேயே நின்று திறக்கவைத்துப் பாருங்கள்.

நீண்ட பயணங்களில் இருக்கைப் பக்கம் கருகல் வாடை வரத் தொடங்கியது. தொலைபேசியில் சொன்னதற்கு, புது வயர் கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பிறகு ஆல்டர்னேட்டர் (என்ஜின் சுழற்ற மின்சாரம் தரும் கருவி) செத்தது. வேறொரு வாகன மின்பணியாளர்தான் பெட்டியைத் திறந்தார். சார்ஜர் இருக்க வேண்டிய இடத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு ரிலே, அதாவது தானாக இணைத்துத் துண்டிக்கும் வெறும் ஸ்விட்ச், ஒற்றைத் திருகில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முனையில் வயரின் சிவப்பு உறை பழுப்பேறி, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. இந்த வேலைக்கு மிக மெலிதான ஆறு சதுர மில்லிமீட்டர் வயர். பேட்டரி அருகே ஃபியூஸ் கிடையாது.

ரிலே என்ஜின் பேட்டரியையும் வீட்டுப்பகுதி பேட்டரியையும் (தங்கும் பகுதிக்கு மின்சாரம் தரும் லித்தியத்தை) நேராக இணைத்துவிடும், அவ்வளவுதான். மின்னோட்டத்துக்கு அதனிடம் கட்டுப்பாடு இல்லை. ஈய அமில பேட்டரி நிரம்ப நிரம்ப மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்வதால் அதோடு ரிலே ஒத்துப்போகும். லித்தியத்தின் உள் மின்தடை மிகக் குறைவு. கிட்டத்தட்ட நிரம்பும்வரை கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் இடைவிடாமல் முழுத் திறனில் உழைக்க வேண்டி வரும். வண்டியை நிறுத்தி என்ஜினை மட்டும் ஓடவிட்டால் இன்னும் மோசம்: ஆல்டர்னேட்டரின் விசிறி மெதுவாகச் சுற்றும், சூடு தணியாது. இதில் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று இடையில் திடீரெனத் துண்டித்துக்கொண்டால், மின்னழுத்தம் எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போகக்கூடும். புதிய வண்டிகளில் வரும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டரில் தொல்லை நேர்மாறானது. என்ஜின் பேட்டரி நிரம்பியதும் அது மின்னழுத்தத்தை இறக்கிவிடும். லித்தியம் நிரம்பாமலே கிடக்கும். இரண்டுக்கும் மருந்து டிசி-டிசி சார்ஜர்தான்: அது மின்னோட்டத்தை அளவோடு நிறுத்தும், மின்னழுத்தத்தையும் லித்தியத்துக்கு வேண்டிய அளவுக்குக் கொண்டுவரும். அதற்குத்தான் நான் பணம் கொடுத்தேன்.

பில்லோடு போய்க் கேட்டபோது உரிமையாளர் சொன்ன பதில்: "ரிலேயும் சார்ஜ்தானே செய்கிறது?" இது தெரியாமல் செய்த தவறு அல்ல. சார்ஜரின் விலையைப் பில்லில் எழுதத் தெரிந்தவருக்கு அது என்ன பொருள் என்றும் தெரியும். அடுத்த சர்வீஸில் தள்ளுபடி தருகிறேன் என்றார், மறுத்துவிட்டேன். படங்களையும் மின்பணியாளர் எழுதிக் கொடுத்த அறிக்கையையும் வைத்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன்.

வெளி மின் இணைப்பில் வேலை செய்யும் சார்ஜரையும் அவர்கள் தொடவில்லை. அது இன்னும் ஈய அமில அமைப்பிலேயே இருந்தது. ஈய அமில பேட்டரியின் தகடுகளில் படியும் சல்பேட்டை நீக்கவென்று 15 வோல்ட்டுக்கு மேல் தள்ளும் முறை அதில் உண்டு. லித்தியத்துக்கு அது ஆகவே ஆகாது. 14.2 முதல் 14.6 வோல்ட் போதும்.

உங்கள் வண்டியில் ரிலே இருக்கிறதா சார்ஜர் இருக்கிறதா என்று வயர்களைக் கழற்றாமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். வீட்டுப்பகுதி பேட்டரி பாதியாவது இறங்கியிருக்கும்போது என்ஜினை ஓடவிட்டு, மல்டிமீட்டரால் என்ஜின் பேட்டரி, வீட்டுப்பகுதி பேட்டரி இரண்டின் முனைகளிலும் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியபடி ஏறி இறங்கினால் நடுவில் இருப்பது பெரும்பாலும் ரிலேதான். டிசி-டிசி சார்ஜர் இருந்தால் இரண்டும் தனித்தனிப் போக்கில் இருக்கும். டிசி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கருவி) கிடைத்தால் சந்தேகமே வேண்டாம். 30 ஆம்பியர் சார்ஜரிலிருந்து வரும் மின்னோட்டம் 30-ஐ ஒட்டியே நிற்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறிக்கொண்டே போனால் அது சார்ஜர் அல்ல.

ரிலே என்று தெரிந்தால், சரிசெய்யும்வரை அந்த இணைப்பைத் துண்டித்து வையுங்கள். சோலாரிலும், லித்தியத்துக்கு ஏற்றபடி அமைத்த சார்ஜரைக் கொண்டு வெளி மின் இணைப்பிலும் சார்ஜ் செய்து சமாளிக்கலாம். துண்டிக்கும்போது கவனம்: அந்த வயரின் ஒரு நுனியில் என்ஜின் பேட்டரியும் மறு நுனியில் வீட்டுப்பகுதி பேட்டரியும் இருப்பதால், என்ஜின் நின்றிருந்தாலும் இரண்டு பக்கமும் மின்சாரம் இருக்கும். முதலில் என்ஜின் பேட்டரி, வீட்டுப்பகுதி பேட்டரிகள் எல்லாவற்றின் நெகட்டிவ் முனைகளையும் கழற்றுங்கள். பிறகு வயரின் இரு நுனிகளையும் கழற்றித் தனித்தனியாக டேப் சுற்றி, உலோகத்தில் படாதபடி கட்டிவிட்டு நெகட்டிவ் முனைகளைத் திரும்ப மாட்டுங்கள். புதிய சார்ஜர் வரும்போது, அந்த வயரில் என்ஜின் பேட்டரி அருகிலும் வீட்டுப்பகுதி பேட்டரி அருகிலும் ஒவ்வொரு ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். போட்டதை மூடி திறந்திருக்கும்போதே உங்கள் கண்ணால் பாருங்கள்.