அடிடாஸ் கோப்பா முண்டியல்: வடசென்னை ஸ்டாப்பருக்குத் தோதுப்படுமா?

வியாசர்பாடி ஃபுட்பால் என்றாலே விங்கர், மிட்ஃபீல்டர் பேச்சுதான். வெளியே தெரிந்த பெயர்களான நந்தகுமார் சேகர், தனபால் கணேஷ் இருவருமே அந்த ரகம். ஸ்டட்ஸ், அதாவது அடியில் முள் வைத்த ஃபுட்பால் ஷூ பற்றி எழுதுகிறவர்களும் எடை எத்தனை கிராம், ஸ்பீடு எப்படி, பந்து எப்படி வளைகிறது என்றுதான் பார்க்கிறார்கள். கோலுக்கு முன்னால், பின்வரிசையின் நடுவில் நிற்கிற தடுப்பாளரான ஸ்டாப்பருக்கு இதில் பாதி வேண்டாத விஷயம். அவர் பின்னோக்கி ஓட வேண்டும், ஃபார்வர்டு திரும்பினால் சட்டென்று இடுப்பைத் திருப்ப வேண்டும், ஹெட்டருக்கு எழும்பி ஒற்றைக் காலில் இறங்க வேண்டும், நேராக வருகிற ஷாட்டுக்குக் காலைக் கொடுக்க வேண்டும். இந்த வேலைகளை வைத்துத்தான் அடிடாஸின் கோப்பா முண்டியல் ஷூவை இங்கே எடை போடுகிறோம்.

1982 ஸ்பெயின் உலகக்கோப்பையை மனதில் வைத்து 1979-இல் வந்த ஷூ இது. அதே 1979-இல்தான் ஃபிராங்கோ பாரெசி இத்தாலியின் ஏசி மிலான் கிளப்புக்காக முதல் லீக் பட்டம் வென்றார். ஸ்டாப்பர் என்ற வேலைக்கே இலக்கணம் மாதிரி ஆடிய மனிதர். அந்த ஒரே கிளப்புக்காக 719 மேட்ச் ஆடி 1997-இல் ஓய்வு பெற்றார், அவருடைய 6-ஆம் நம்பர் ஜெர்சியையும் கிளப் ஓய்வு கொடுத்து வைத்துவிட்டது. ஷூ மட்டும் ஏறக்குறைய அதே அச்சில் கடையில் கிடந்தது. கங்காருத் தோல், மூன்று வெள்ளைப் பட்டை, அடியில் முன்னால் 8, குதிகாலில் 4 என்று 12 உருண்டை ஸ்டட் (முள்), லேஸுக்கு அடியிலிருந்து மேலே நீண்டு மடித்துப் போடும் நாக்கு. அவ்வளவுதான் சரக்கு.

முதலில் ஸ்டட். இப்போதைய வேக ரக ஷூக்கள் பலவற்றில் ஸ்டட் தட்டையாக, பிளேடு போல இருக்கும். நேராகப் பாய்வதற்கு நல்ல பிடிப்பு, திரும்பும்போதுதான் வம்பு. ஊன்றிய கால் தரையில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் சுழன்றால், முழு முறுக்கும் முழங்காலுக்குப் போகும். முழங்காலுக்குள் இருக்கிற ஏசிஎல் என்ற தசைநார் கிழிகிற வழிகளில் இது முக்கியமானது. ஸ்டாப்பர் ஒரு மேட்ச்சில் செய்கிற அரைவட்டத் திருப்பங்கள் கொஞ்சநஞ்சமல்ல. உருண்டை ஸ்டட் ஊன்றின இடத்திலேயே சற்றுச் சுழல விடும். அந்தச் சலுகை முட்டிக்கு ரொம்பப் பெரிது. ஷூவை மாற்றினால் காயமே வராது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரே டீமுக்குப் பத்து வருஷம் ஆட ஆசைப்படுகிற பின்வரிசைக்காரர் முதலில் காப்பாற்ற வேண்டியது முட்டியைத்தான். பார்சிலோனாவுக்கு 593 மேட்ச் ஆடிய கார்லெஸ் புயோலை 2014-இல், 36 வயதில், வீட்டுக்கு அனுப்பியது முழங்கால்தான்.

இவ்வளவும் புல் தரைக்குப் பொருந்தும். நம்ம ஏரியாவில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை பக்கம் பையன்கள் பெரும்பாலும் ஆடுவது கட்டாந்தரையில், இல்லாவிட்டால் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்லில். கட்டாந்தரையில் ஸ்டட் உள்ளே இறங்காது. 12 முனைமேல் நிற்கிற கதையாகிவிடும். முன்பாதத்தில் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நேர் கீழே உள்ள ஸ்டட்கள் உள்ளங்காலில் குத்த ஆரம்பிக்கும். பின்னோக்கி ஓடி ஓடி வெளிப்பக்க ஸ்டட்கள் முதலில் தேயும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த ஷூ கணுக்காலை அந்தப் பக்கமே சாய்க்கும். சரளைக்கல் தரையென்றால் ஒரு சீசன் தாங்குவதே அதிகம். டர்ஃப்காரர்கள் பலர் இந்த ஸ்டட்டை உள்ளேயே விடமாட்டார்கள், அது நியாயமும்கூட.

மேல்தோலைப் பற்றிக் குறை சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். மெல்லிசு, ஆனால் எளிதில் கிழியாது. நாலைந்து தடவை போட்டால் பாதத்தின் வடிவத்துக்கு வந்துவிடும். தோல் அகலவாக்கில்தான் விரியும், நீளத்தில் அதிகம் விரியாது. ஆகவே அகலப் பாதம் உள்ளவர் தன் வழக்கமான அளவே எடுக்கலாம். ஒல்லிப் பாதம் என்றால் அரை அளவு குறைத்து எடுங்கள்; முதல் நாள் பக்கவாட்டில் இறுக்கமாகவும், முனையில் நகம் இடிக்காமலும் இருக்க வேண்டும். கடையில் போட்டுப் பார்க்கும்போது மேட்ச் சாக்ஸையே கொண்டுபோங்கள். ஒரு காலுக்கு 300 கிராமுக்கு மேல் எடை, மழையில் தண்ணீர் குடித்தால் இன்னும் கனக்கும். விங்கருக்கு இது குறை, ஸ்டாப்பருக்குப் பெரிய நஷ்டமில்லை. 2018-இல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனலில் சென்னையின் எஃப்சிக்கு இரண்டு கோல் கொடுத்த மைல்சன் ஆல்வெஸ் பின்வரிசைக்காரர். இரண்டுமே கார்னரில் ஹெட்டர். அந்த மாதிரி எழும்பி இறங்குகிறபோது ஷூவில் கனத்தைவிடக் குதிகாலின் உறுதிதான் முக்கியம், அது இதில் நன்றாக இருக்கிறது.

நாக்கு ஒரு தொல்லை. மடித்துவிட்டால் லேஸ் முடிச்சை மூடும், க்ளியரன்ஸ் அடிக்கும்போது, அதாவது ஆபத்தான பந்தைத் தூர விரட்டும்போது, கால்மேடு சமமாகப் பந்தில் படும். ஓட ஓட அது பக்கவாட்டில் சரியும். கத்தரித்துக்கொள்கிறவர்கள் உண்டு, கத்தரிப்பதானால் கடைசி லேஸ் துளைக்கு மேல் இரண்டு விரல் விட்டு வெட்டி, ஓரத்தைத் தைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிசிறடிக்கும். மீந்த லேஸை அடிப்பாகம் சுற்றிக் கட்டுகிற பழைய வழக்கம் நம்ம தரையில் வேண்டாம். இரண்டே மேட்ச்சில் அறுந்துவிடும்.

இனி, வாங்குகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்: சோல். இது ரப்பர் இல்லை, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் ரகம். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளின் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும். ஆடினாலும் ஆடாவிட்டாலும், பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தாலும் இது நடக்கும். காசிமேடு, ராயபுரம் மாதிரி கடலோர ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். புதுசு போலப் பளபளக்கிற ஷூ, வார்ம்-அப் முடிவதற்குள் அடியில் ரஸ்க் மாதிரி உதிரும். கங்காருத் தோல் வாங்குவதை நிறுத்திவிட்டதாக 2025-இல் அடிடாஸ் அறிவித்துவிட்டதால், இனிக் கைமாறப்போகிற கங்காருத் தோல் ஜோடிகள் எல்லாம் பழைய ஸ்டாக்தான். பர்மா பஜாரிலோ ஆன்லைனிலோ சகாய விலைக்கு வந்தால் அவசரப்படாதீர்கள். நாக்கின் உள்பக்க லேபிளில் மாதமும் வருஷமும் அச்சிட்டிருக்கும், முதலில் அதைப் படியுங்கள். ஸ்டட்டின் அடிவாரத்தில் மயிரிழை விரிசல் தெரிகிறதா? விரல் நகத்தால் சோலை அழுத்தினால் தடம் அப்படியே நிற்கிறதா, பிசுபிசுக்கிறதா? முன்பாதம் மடங்குகிற இடத்தில் கையால் இரண்டு மூன்று முறை வளைத்தால் கோடு விழுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். அந்த சோலை ஒட்டவும் முடியாது, பசை பிடிக்கிற மேற்பரப்பே பொடியாகிக்கொண்டிருக்கும்.

சோல் நல்ல நிலையில் இருந்து முனையில் மட்டும் வாய் பிளந்திருந்தால் கதை வேறு. பிளாக் டேக்கிளில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பந்தை அடிக்கும்போது அடி வாங்குவது அந்த முனைதான். ஷூ தைக்கிறவரிடம் பழைய பசையை முழுக்கச் சுரண்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் பசை தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை விட்டு, அப்புறம் அழுத்தி ஒட்டி, முனையைச் சுற்றி நைலான் நூலால் ஒரு தையல். ஒரு நாள் முழுக்கக் காலில் போடக் கூடாது. அஞ்சு ரூபாய் ட்யூப் பசை உதவாது. அது காய்ந்து விறைத்து, கால் மடங்குகிற இடத்தில் உடையும்.

பராமரிப்பில் பெரிய வித்தை இல்லை. மண் காய்ந்தபின் பிரஷ், பிறகு ஈரத்துணி, உள்ளே கசக்கிய நியூஸ்பேப்பர், ஃபேனுக்குக் கீழே நிழலில். மொட்டைமாடி வெயில் தோலைச் சுருக்கும், பசையை இளக்கும். தேங்காயெண்ணெய் தடவினால் தோல் தொளதொளத்துப் புழுதியைப் பிடிக்கும். நிறமில்லாத லெதர் க்ரீம் மாதம் ஒரு தடவை போதும். ஈர சாக்ஸோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதைப்போல சோலுக்கு வேறு கெடுதல் கிடையாது.

விலையைப் பார்த்தால், உள்ளூர் ரப்பர் ஸ்டட்ஸ் ஐந்தாறு ஜோடி வாங்குகிற காசு. லீக் டீமில் இருந்து, புல் கிரவுண்டில் தவறாமல் மேட்ச் கிடைக்கிற ஸ்டாப்பர் தாராளமாக வாங்கலாம், மேட்ச்சுக்கு மட்டும் போட வேண்டும். மற்றவர்கள் இதன் தம்பி முண்டியல் டீமைத் தேடலாம். அடியில் நிறையக் குட்டி ரப்பர் முள், நடுவில் மெத்தென்ற அடுக்கு, முனையில் கூடுதல் தோல் பட்டை. டர்ஃபிலும் கட்டாந்தரையிலும் உள்ளங்கால் குத்தாது, ரப்பர் அடி என்பதால் உதிரவும் உதிராது. மழை பெய்து சேறான தரையில் மட்டும் வழுக்கும். அன்றைக்கு உள்ளூர் ரப்பர் ஸ்டட்ஸே மேல்.