கரையேறிய ஆல்பகோர்

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போனால், ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று அவள் அழைத்துப் போகும் இடங்களில் பாதி கடைகளாகத்தான் இருக்கும். இந்த முறை ஒரே ஒரு இடத்தை மட்டும் நானே கேட்டு வாங்கினேன். பாஸ்டனிலிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் போர்ட்ஸ்மத் வருகிறது. அங்கே சாலையோரப் பள்ளம் ஒன்றில், சொட்டுத் தண்ணீர் இல்லாமல், ஆல்பகோர் என்ற நீர்மூழ்கிக் கப்பல் உட்கார்ந்திருக்கிறது. வாழ்நாளில் பெரும்பகுதியைச் சரக்குக் கப்பல்களின் என்ஜின் ரூமில் கழித்தவன் நான். எனக்குக் கோயில் குளம் மாதிரிதான் இது.

டிக்கெட் வாங்கிய கையோடு உள்ளே ஓடிவிடாதீர்கள். முதலில் வெளியே ஒரு சுற்று வாருங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டிருக்கும் அருங்காட்சியக நீர்மூழ்கிகளில் மேல்தளமும் கோபுரமும்தான் கண்ணுக்குத் தெரியும். கப்பலின் உடல் தண்ணீருக்குள் போய்விடும். இங்கே 62 மீட்டர் உடலும் மூக்கிலிருந்து வால்வரை அப்படியே கிடைக்கிறது. மூக்கு மழுங்கலான உருண்டை. அதற்குப் பின்னால் பருத்து, பிறகு மெதுவாகச் சிறுத்துக்கொண்டே போய் வாலில் முடிகிறது. கண்ணீர்த்துளி வடிவம் என்கிறார்கள்.

இந்த வடிவம் ஏன் புதுமை என்பதற்கு ஒரு கணக்கு போதும். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க நீர்மூழ்கிகள் கடல்மட்டத்தில் 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தில் ஓடின. மூழ்கினால் 9 நாட்டைத் தொடவே திணறின. உள்ளபடி சொன்னால் அவை அவ்வப்போது மூழ்கத் தெரிந்த மேல்தண்ணீர்ப் படகுகள். ஆல்பகோரை மூழ்கியே ஓடுவதற்கென்று வரைந்தார்கள். மாதிரியை லாங்லி ஆய்வுக்கூடத்தில் விமானங்களைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 1953-இல் பக்கத்திலேயே உள்ள போர்ட்ஸ்மத் கடற்படைக் கப்பல் கட்டும் தளத்தில் அது நீரில் இறங்கியது. வெள்ளி-துத்தநாக பேட்டரியும், எதிரெதிராகச் சுழலும் இரட்டைப் புரொப்பெல்லரும் பொருத்திய பிறகு, 1966-இல் மூழ்கிய நிலையிலேயே சுமார் 33 நாட் ஓடிச் சாதனை படைத்தது.

"தாத்தா, டார்ப்பிடோ எங்கே?" என்று பேரன் தேடினான். ஒன்றுகூடக் கிடையாது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஏறிய போர்க்கப்பல், ஆயுதமே இல்லை. இது சோதனைக் கப்பல்; எதையாவது மாட்டிப் பார்ப்பதும் கழற்றி எறிவதுமே அதன் உத்தியோகம். வாலருகே கால் மணி நேரம் நின்றேன். கூட்டல் குறி போல இருந்த, கப்பலைத் திருப்பும் துடுப்புகளை 1961 வாக்கில் பெருக்கல் குறியாகத் திருப்பிவிட்டார்கள். அதே சமயத்தில் உடலைச் சுற்றி பிரேக் தகடுகளையும், பி-47 குண்டுவீச்சு விமானத்தின் பாராசூட் ஒன்றையும் பொருத்தியிருக்கிறார்கள். கடலுக்கடியில் பாராசூட்! கேட்கச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்த வேகத்தில் தலைகீழாகப் பாயும்போது துடுப்பு சிக்கிக்கொண்டால், உடல் தாங்கும் ஆழத்தைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. பிரேக் என்று ஏதாவது ஒன்று வேண்டுமே.

உள்ளே போக, உடலில் வாசல் வெட்டி வைத்திருக்கிறார்கள். அங்கங்கே பொத்தானை அழுத்தினால், அதில் வேலை பார்த்தவர்களின் குரலே கேட்கிறது. சொற்பொழிவாக இல்லாமல் அரட்டையாகவே இருக்கிறது. படுக்கைகளை வேகமாகக் கடந்துவிடலாம். கப்பலோட்டும் அறையில் பேரன் விமானி போல உட்கார்ந்து எழ மறுத்தான். இந்தக் கப்பலை விமானம் போலவே கைப்பிடியைப் பிடித்து ஓட்டியிருக்கிறார்கள்.

நான் பார்க்க வந்தது என்ஜினை. பான்கேக் என்று செல்லப்பெயர். வழக்கமான டீசல் என்ஜின் நீளவாட்டில் படுத்திருக்கும்; இது நட்டுவைத்த தூண். என்ஜின் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக நிற்க, அதைச் சுற்றி நான்கு நான்காக நான்கு அடுக்கு, மொத்தம் 16 சிலிண்டர். இடத்தை மிச்சம் பிடிப்பதில் படு சாமர்த்தியம். ஆனால் ஜெனரேட்டரை எங்கே வைத்தார்கள் தெரியுமா? என்ஜினுக்கு நேர் கீழே. எண்ணெய் கசியாத டீசலை நான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. மேலிருந்து கசிந்தால் நேராக ஜெனரேட்டர் தலையில்தான் விழும். விழுந்தது. இதே என்ஜின் பொருத்திய மற்ற நீர்மூழ்கிகளில் அதைக் கழற்றி வேறொன்றை வைத்துவிட்டார்கள். ஆல்பகோர் கடைசிவரை அதோடு மாரடித்தது; பழுது மேல் பழுதாகி 1972-இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். வடிவத்துக்கு நூற்றுக்கு நூறு போடுவேன். ஜெனரேட்டரை அங்கே வைத்தவரை மட்டும் என் ஷிஃப்டில் ஒரு வாரம் பில்ஜ் (எண்ணெயும் அழுக்குத் தண்ணீரும் தேங்கும் கப்பலின் அடித்தட்டு) துடைக்க விட்டிருப்பேன்.

கரையேறிய கதையும் சுவாரசியமானது. 1984-இல் பிலடெல்பியாவிலிருந்து இழுத்து வந்தார்கள். ரயில் பாலத்தில் ஒரு பகுதியைப் பிரித்து, நான்கு வழிச் சாலையை வெட்டித் திறந்து, மறுவருடம்தான் இந்தப் பள்ளத்துக்குள் சேர்க்க முடிந்தது. நடுவழியில் சேற்றில் சிக்கிக்கொண்டதும் உண்டு.

ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். முட்டை வடிவக் கதவுகளில் குனிந்து, காலைத் தூக்கித் தாண்ட வேண்டியிருக்கும். மூட்டுவலிக்காரர்கள் யோசிக்கவும். என் மனைவி அந்தக் காரணத்தால் உள்ளே வரவில்லை. கடலில் மாண்ட நீர்மூழ்கி வீரர்களுக்காக அமைத்த நினைவுத் தோட்டத்தில் கப்பலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள். ஆல்பகோர் என்றால் என்ன என்று நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டாள்: "வாலைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே சூரை மீன். யார் வரைந்தது?"