தம்பியின் படத்தைத் திருத்தித் தந்த கிளிநொச்சிக் கடை

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டம் தொடங்கியபோது அம்மாவுக்கு லமினேற் பண்ணிக் கொடுத்த தம்பியின் படம், வெயில் பட்டு வெளுத்தே போய்விட்டது. கண் இருந்த இடமே தெரியவில்லை. "வெயிலுக்கை இருந்து நான் கறுத்துப்போனன், அவன் வெளுத்துப்போனான்" என்று அம்மா இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோர் தினமான ஓகஸ்ட் 30 ஊர்வலத்துக்கு முன் புதிதாக ஒன்று வேண்டும்.

முதலில் ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்தோம். பழைய படம் என்றதும் ஒன்றும் கேட்காமல் இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே பூ எல்லாம் வைத்துவிட்டார்கள். தோற்றம், மறைவு என்று இரண்டு இடம் வெறுமையாக இருந்தது. "மறைவுக்கு என்ன திகதி போடுறது அம்மா?" என்று அந்தப் பிள்ளை கேட்டது. அம்மா கடைப் படியிலேயே இருந்துவிட்டார். எழுப்பி வீட்டுக்குக் கூட்டிவரப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்புறம்தான் சந்தைப் பக்கம் இருக்கிற இந்தச் சின்னக் கடைக்குப் போனோம். அங்கிருந்த அண்ணா கேட்ட முதல் கேள்வியே, "அம்மா, இது கையில பிடிக்கவோ, வீட்டில கொழுவவோ?" என்பதுதான். போர் முடிந்த 2009 மே மாதம் முல்லைத்தீவு வட்டுவாகலில் பிரிந்தபோது தம்பிக்கு 17 வயது. எங்களிடம் மிஞ்சியது தண்ணீர் ஊறிய ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம்தான். கறைகளைக் கணினியில் நீக்கும்போது இடது புருவத்துத் தழும்பும் சேர்ந்து போய்விட்டது. "ஐயோ தம்பி, அது கறையில்லை. சைக்கிளால விழுந்தவன்" என்று அம்மா திரையில் விரலை வைத்துக் காட்டினார். கடை அண்ணா முகம் சுளிக்கவில்லை. பழைய படத்தைப் பெருப்பித்துப் பார்த்து, தழும்பைத் திரும்பக் கொண்டுவந்தார். ஒன்றரை மணித்தியாலம் அம்மா பக்கத்துக் கதிரையை விட்டு அசையவில்லை.

இப்படிப் படம் செய்யக் கொடுக்கப் போகிறவர்களுக்கு: பளபளப்பில்லாத லமினேற் கேளுங்கள். மற்றது வெயிலில் மின்னி, முகம் தெரியாது. மூலையை வளைத்து வெட்டச் சொன்னால் கையைக் கிழிக்காது. கழுத்தில் போட இரண்டு ஓட்டையும் போட்டுத் தருவார்கள். ஒரு குறை, மழையில் ஒரு விளிம்பு விட்டுவிட்டது. காசு வாங்காமல் திரும்பப் போட்டுத் தந்தார்கள். ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு பூட்டு.

எல்லாம் சேர்த்து 950 ரூபா. கேட்காமலே இன்னொரு சின்னப் பிரதியும் வைத்திருந்தார். அதை அம்மா பேர்சில் அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.