"வடிவா ஏமாத்திப் போட்டாங்கள்": சுற்றுலா வீடியோக்களைப் பற்றிச் சனம் நினைப்பதை எதால் அளப்பது?

அத்தான் நல்லூரில் ஐந்து அறைகளோடு ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறார். நெடுந்தீவு, கீரிமலை, கோட்டை என்று யாழ்ப்பாணத்தைச் சுற்றிக் காட்டும் யூடியூப் வீடியோக்களுக்குக் கீழே சனம் என்ன எழுதுகிறது, அதை வைத்து நெடுந்தீவுப் பயணத்தையும் சேர்த்து விற்கலாமா என்பது அவருடைய கேள்வி. "தம்பி, உதை ஏதாவது புரோகிராமில போட்டுப் பார்க்கேலாதே?" என்றார். ஏலும். எதில் போடுவது என்பதில்தான் வில்லங்கம்.

லைக்கையும் நட்சத்திரத்தையும் எண்ணுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் கடல் கொந்தளித்து, நெடுந்தீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவானில் படகு ஓடாத நாளில் வந்தவர், தீவைக் காணாமலே அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகலாம். லைக்கோ ட்ரோன் காட்சிக்கா, பேசுகிறவரின் பகிடிக்கா, இடத்துக்கா என்று சொல்லாது. இதை விட்டுவிடலாம்.

அடுத்தது சொற்பட்டியல். நல்ல சொல்லுக்குக் கூட்டல், கெட்ட சொல்லுக்குக் கழித்தல். ஆங்கிலத்துக்கு 2014இல் வந்த 'வேடர்' என்ற புரோகிராம் இந்த வகையில் பேர் எடுத்தது: சுமார் 7,500 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேர் போட்ட புள்ளிகளின் சராசரி, கடைசியில் −1க்கும் +1க்கும் நடுவே ஒரு விடை. வெளிநாட்டுப் பயணிகளின் ஆங்கில விமர்சனங்களுக்கு இது பரவாயில்லை.

நம்முடைய பேச்சுக்கு அப்படி ஒரு பட்டியல் போட்டால்? 'வடிவு' என்றால் அழகு, கூட்டல் போடும். "வடிவா ஏமாத்திப் போட்டாங்கள்" என்பதில் அதே வடிவு 'முழுசாக' என்று ஆகிவிடுகிறது. "குறை சொல்ல ஏலாது" என்பது பாராட்டு. பட்டியலோ குறையையும் ஏலாதையும் கண்டு கழித்துத் தள்ளும். "கண்டறியாத வீடியோ" என்றால் நக்கல் என்று இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அதில் பட்டியல் பிடிக்கக்கூடிய கெட்ட சொல் ஒன்றுமே இல்லை. போதாததற்குப் பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள்.

மூன்றாவது, பயிற்றுவித்த மாதிரிகள்: ஏராளமான எழுத்தைப் படித்து மொழியைப் பழகிக்கொண்ட புரோகிராம்கள். கூகிளின் பல்மொழி 'பெர்ட்' (2018) படித்த 104 மொழிகளில் தமிழும் ஒன்று. 2021இல் வந்த 'மூரில்' ஆங்கில எழுத்துத் தமிழையும் படித்தது. ஆனால் எது பாராட்டு, எது திட்டு என்று குறித்த கொமென்ட்களைக் காட்டிப் பழக்கினால்தான் இவை உதவும். அப்படி 2020இல் வெளியான தமிழ்-ஆங்கிலக் கலப்புத் தொகுப்பில் 15,744 கொமென்ட்கள் இருக்கின்றன, அவ்வளவும் சினிமா ட்ரெய்லர்களுக்கு வந்தவை. அவற்றில் 10,559 பாராட்டு வகை. அதாவது, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'நல்லது' என்று சொல்லும் புரோகிராமும் அங்கே நூற்றுக்கு 67 எடுத்துவிடும்! 70 எடுத்தேன் என்று யாராவது பெருமைப்பட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். தவிர, ட்ரெய்லருக்கு விசிலடித்துப் பழகிய மாதிரிக்கு நெடுந்தீவுக் குதிரையைப் பற்றிய பேச்சு எவ்வளவு பிடிபடும் என்பதும் சந்தேகம்தான்.

இப்போது வரும், சாட்ஜிபிடி போன்ற அரட்டைச் செயலிகள் மேற்சொன்ன எல்லாவற்றையும்விடக் கெட்டி. தெற்கிலிருந்து வருகிறவர்களின் சிங்களக் கொமென்ட்களையும் ஓரளவு பிரித்துத் தரும். ஆனால், அதே வரியை நாளைக்குக் கொடுத்தால் வேறு விடை தரவும் கூடும்.

கடைசி வழி, உட்கார்ந்து வாசிப்பது. நானும் அக்காவும் தனித்தனியே குறித்து, பிறகு ஒப்பிட்டோம். இதற்கு 1960இல் உளவியலாளர் கோஹென் தந்த 'கப்பா' அளவு உண்டு: குருட்டாம்போக்கில் ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு, உண்மையில் எவ்வளவு ஒத்துப்போனோம் என்று சொல்லும். எங்களுக்கு அந்த எண்ணைவிட, ஒத்துப்போகாத இடங்கள்தான் பிரயோசனப்பட்டன.

கனடாவிலிருந்து ஒருவர்: "பார்க்கப் பார்க்க அழுகை வருகுது. எப்ப வருவனோ." நான் துக்கம் என்று குறித்தேன், அக்கா பாராட்டு என்றார். அரை மணித்தியாலம் வாக்குவாதம். கடைசியில் அத்தான் குறுக்கிட்டார்: "உவை நல்லூர்த் திருவிழா இருபத்தஞ்சு நாளுக்கும் வருவினம். ஆனா தங்கிறது சொந்தக்காரர் வீட்டில. பிள்ளையளை நெடுந்தீவு பார்க்கக் கூட்டிக்கொண்டு போவினம்." அறைக்கு ஆள் இல்லை, படகுக்கு ஆள் இருக்கிறது. இதை எந்தப் புள்ளியும் சொல்லவில்லை.

யாழ்ப்பாண நூலக வீடியோவிலும் இதே சிக்கல். 1981இல் எரிந்ததை நினைத்து எழுதுகிறவரின் கோபம், இடத்தைக் காட்டியவர் மேலும் இல்லை, இன்றைய நூலகத்தின் மேலும் இல்லை. அதை 'எதிர்மறை விமர்சனம்' என்று கணக்கில் சேர்த்தால் கணக்கே பிழை. அதனால் நல்லதா கெட்டதா என்று குறிக்குமுன், எதைப் பற்றி என்று எழுத அட்டவணையில் ஒரு நிரல் போட்டோம்: வீடியோ, இடம், விலை, போக்குவரத்து, பழைய நினைவு.

என் கணக்குக்கு, சில நூறு கொமென்ட்கள் என்றால் இரண்டு பேர் வாசிப்பதை மிஞ்ச ஒன்றுமில்லை. மொழி பிரிக்க மட்டும் அரட்டைச் செயலி. பல்லாயிரம் என்றால் மாதிரியைப் பழக்கலாம், ஆனால் ஊர்ப் பேச்சில் நாமே சில நூறு குறித்துக் கொடுத்த பிறகு.

ஒரு வகையை இந்தக் கருவிகள் 'நடுநிலை' என்று ஓரம்கட்டும். "படகு எத்தனை மணிக்கு?" "வயசான அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமோ?" "அங்க சாப்பாடு கிடைக்குமோ?" அத்தான் மற்றத் தாள்களை மடித்து வைத்துவிட்டு அந்தக் கேள்விகளை மட்டும் தனியே எழுதி வாங்கிக்கொண்டார். குறிகட்டுவானுக்குப் போகிற பஸ் நேரத்தைப் பக்கத்துக் கடையில் விசாரிக்கப் போனவர் இன்னும் திரும்பவில்லை.