எஸ்.ஏ.எஸ். படை யாருக்குக் கடன்பட்டிருக்கிறது: ஸ்டிர்லிங்குக்கா, மேய்னுக்கா?

இரண்டாம் உலகப் போரில் உருவான பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். (ஸ்பெஷல் ஏர் சர்வீஸ்) சிறப்புப் படை என்றதும் டேவிட் ஸ்டிர்லிங்கின் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நிறுவனர் என்ற பெருமை அவருக்கு உரியதே. ஆனால் இருவரில் சிறந்த அதிகாரி யார் என்று கேட்டால், நான் அதே படையில் அவரோடு இருந்த, 'பேடி' (Paddy) என்ற செல்லப்பெயர் கொண்ட பிளேர் மேய்ன் பக்கம்தான் நிற்பேன்.

ஸ்டிர்லிங் ஸ்காட்லாந்தின் செல்வாக்கு மிக்க குடும்பத்தில் பிறந்தவர். 1941-இல் பாராசூட்டில் குதித்து அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தபோது அந்தத் திட்டத்தைத் தீட்டினார்: பெரும்படை வேண்டாம், நான்கைந்து பேர் இருளில் புகுந்தாலே ஒரு விமானத் தளத்தை அழித்துவிடலாம். ஊன்றுகோலோடு கெய்ரோவிலிருந்த பிரிட்டிஷ் இராணுவத் தலைமையகத்துக்குள் நுழைந்ததாகப் பின்னாளில் அவரே சொன்னதில் மிகை இருக்கலாம். ஆனாலும் 25 வயது இளைஞர் ஒருவர் ஜெனரல்களிடம் அனுமதி வாங்கிக்காட்டினார். மேய்னால் அது முடிந்திருக்காது. அவர் வட அயர்லாந்தின் நியூடவுனார்ட்ஸ் ஊர்க்காரர், வழக்கறிஞர், 1938-இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணிக்கு ரக்பி ஆடியவர். மேலிடத்தில் ஆளைப் பிடித்துக் காரியம் சாதிக்கும் வித்தை அவரிடம் இல்லை.

களத்துக்கு வந்தால் கதை வேறு. 1941 நவம்பரில் புயல் எச்சரிக்கையையும் மீறி, பாராசூட்டில் குதிக்கும் முதல் தாக்குதலுக்குப் புறப்படலாம் என்று முடிவெடுத்தவர் ஸ்டிர்லிங். போன 50-க்கும் மேற்பட்டவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே திரும்பினார்கள். அடுத்த மாதம் பாராசூட்டைக் கைவிட்டு லாரிகளில் போனார்கள். ஸ்டிர்லிங்கின் குழு லிபியாவின் சிர்ட்டே விமானத் தளத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பியது. மேய்னின் குழு அங்கேயே தமெத் தளத்தில் 24 எதிரி விமானங்களை அழித்தது. கொண்டுபோன குண்டுகள் தீர்ந்தபின், மேய்ன் ஒரு விமானத்தில் ஏறி அதன் கருவிப் பலகையை வெறுங்கையால் பிடுங்கி எறிந்தாராம். சில நாள்களில் அதே தளத்துக்கே மீண்டும் போய் இன்னும் 27 விமானங்களை அழித்தார். தமெத்தில் அந்த முதல் இரவில் தளத்தின் விடுதிக் கதவைத் திறந்து, உள்ளே ஓய்வாக இருந்த எதிரிகளைச் சுட்டதும் அவர்தான். ஸ்டிர்லிங்குக்கே அது உறுத்தியது. எனக்கும் உறுத்துகிறது.

1943 ஜனவரியில் டுனீசியாவில் ஸ்டிர்லிங் பிடிபட்டார். பலமுறை தப்ப முயன்று, கடைசியில் ஜெர்மனியின் கோல்டிட்ஸ் போர்க்கைதிச் சிறைக்குப் போனார். நிறுவனரை இழந்த ஒரு சிறு படையை அப்போதே கலைத்துவிட்டிருக்கலாம். அது நடக்காமல் சிசிலி, இத்தாலியின் தெர்மோலி, பிரான்ஸ், ஜெர்மனி என்று போர் முடியும்வரை அழைத்துச் சென்றவர் மேய்ன். என் தீர்ப்புக்கு இந்த இரண்டு ஆண்டுகளே போதும்.

போருக்குப் பின் மேய்ன் வட அயர்லாந்து வழக்கறிஞர் சங்கச் செயலாளராக இருந்து, 1955-இல் கார் விபத்தில் 40 வயதில் இறந்தார். ஸ்டிர்லிங் 1960-களில் வாட்ச்கார்ட் என்ற தனியார் இராணுவ நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் காட்டிய வழியில் வேறு முன்னாள் எஸ்.ஏ.எஸ். அதிகாரிகள் நடத்திய கே.எம்.எஸ். நிறுவனம்தான் 1980-களில் இலங்கையின் சிறப்பு அதிரடிப் படைக்குப் பயிற்சி கொடுத்தது. கிழக்கில் அந்தப் படை நடந்துகொண்ட விதம் தெரிந்த தமிழர் எவரும் இந்தத் தொடர்ச்சியை எளிதில் கடந்துபோக முடியாது.

ஸ்டிர்லிங்குக்கு 1990-இல் சர் பட்டம் கிடைத்தது. மேய்ன் 1945 ஏப்ரலில் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் அருகே, துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே ஜீப்பை ஓட்டிச்சென்று காயமடைந்த தம் ஆட்களைத் தூக்கி வந்தவர். அதற்காகப் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவைக்குப் பரிந்துரைத்தார்கள்; கொடுத்ததோ அதற்குக் கீழான டி.எஸ்.ஓ. பதக்கம், அதுவும் நான்காவது முறையாக. 2005-இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலர் கேட்டும் அந்தச் சிலுவை வரவில்லை. இப்போதாவது கொடுக்க வேண்டும்.