ரோபோ நின்றால் சாட்பாட்டைக் கேட்கலாமா? ஒரு மெயின்டனன்ஸ்காரனின் அனுபவம்

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ரோபோ மெயின்டனன்ஸ் என் வேலை. வெல்டிங் அடிப்பவை, பாகத்தை எடுத்து வைப்பவை என எங்கள் லைனில் பெரும்பாலும் ஜப்பான் கம்பெனியான ஃபானுக்கின் ரோபோக்கள். ஒரு வருடத்துக்கு மேலாக, பிரேக்டவுன் வந்தால் மல்டிமீட்டரோடு சேர்த்து போனில் ஏஐ சாட் ஆப்பையும் திறந்துகொள்கிறேன். எந்த ஆப் என்று சொல்லப் போவதில்லை. இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் பார்த்தாயிற்று, குணம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ரோபோ நிற்கும்போது திரையில் காட்டும் அலாரம் நம்பரைக் கொடுத்தால் விளக்கம் டக்கென்று வரும், காரணம் கண்டுபிடிக்கத்தான் நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். நடந்தது தலைகீழ். நம்பர், மெனு, பாராமீட்டர் மூன்றிலும் அதை நம்பவே முடியாது. காரணம் யோசிப்பதில் மட்டும் கெட்டி.

வெல்டிங் ரோபோ ஒன்றில் எஸ்ஆர்விஓ-068 என்ற அலாரம் அவ்வப்போது வந்துகொண்டிருந்தது. மோட்டாரின் பின்னால் இருந்து அதன் சுழற்சியை அளக்கும் பல்ஸ்கோடரிலிருந்து தகவல் திரும்பி வரவில்லை என்று அதற்கு அர்த்தம். ரீசெட் அடித்தால் ஓடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும். ஒரேயடியாகச் செத்துப்போன மெஷினைக்கூடச் சமாளித்துவிடலாம். இப்படி விட்டு விட்டு வரும் கோளாறுதான் உயிரை வாங்கும். நடந்ததை அப்படியே தங்கிலீஷில் அடித்துக் கேட்டேன். பதில் சொல்வதற்கு முன் அது என்னைக் கேட்டது: ரோபோ கை ஒரே இடத்துக்குப் போகும்போது வருகிறதா, எங்கே வேண்டுமானாலும் வருகிறதா? வெல்டிங் ஆர்க் எரியும்போது மட்டுமா, சும்மா நகரும்போதுமா? சமீபத்தில் கேபிளில் யாராவது கை வைத்தார்களா?

அனுபவமுள்ள சர்வீஸ் என்ஜினியர் வந்தால் கேட்கும் கேள்விகள் இவை. ஒரே இடத்தில் வந்தால் வளைந்து வளைந்து உள்ளே கேபிள் இற்றுப்போயிருக்கும். ஆர்க் நேரத்தில் மட்டும் வந்தால் எர்த்திங்கையும் மின்சார இடையூறான நாய்ஸையும் பார்க்க வேண்டும். அலாரம் ஹிஸ்டரியில் இருந்த நேரத்தை வெல்டிங் சைக்கிளோடு வைத்துப் பார்த்தோம். அத்தனையும் ஆர்க் நேரத்தில். பாகத்தைப் பிடித்து வைக்கும் ஜிக்குக்குப் போகும் எர்த் கேபிளின் முனையில் இருக்கும் லக் கையால் தொட்டாலே ஆடியது, அதன் அடியில் கருகிய தடம். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கியதோடு தொல்லை ஒழிந்தது. அதற்குள் புது பல்ஸ்கோடருக்குக் கொட்டேஷன் கேட்கும் வரை போயிருந்தார்கள் என்பது தனிக் கதை.

இதில் ஒன்று பிடிபட்டது. கடைசியாக வந்த அலாரத்தை மட்டும் கொடுத்தால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். ஹிஸ்டரி முழுவதையும் நேரத்தோடு கொடுத்தால், எது முதலில் வந்தது, எது அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது என்று நன்றாகப் பிரித்துத் தருகிறது. கொலிஷன் அலாரமான எஸ்ஆர்விஓ-050 வந்தபோதும் இப்படித்தான். எதிலும் இடிக்காத ரோபோ இடித்ததாகச் சொல்கிறதே என்று கேட்டதற்கு, கிரிப்பரை மாற்றினீர்களா, ரோபோ கை தூக்கும் எடையைக் குறிக்கும் பேலோடு செட்டிங்கைத் திருத்தினீர்களா என்றது. அதுவேதான்.

இப்போது பயமுறுத்தும் பக்கம். எஸ்ஆர்விஓ-065 வந்தால் ரோபோவின் பேட்டரி இறங்கிவிட்டது என்று அர்த்தம். அடிப்பகுதியில் இருக்கும் டப்பாவில் பழைய டார்ச் லைட்டில் போடுகிற டி சைஸ் செல் 4 இருக்கும். கன்ட்ரோலரை ஆஃப் செய்தாலும் ஒவ்வொரு ஆக்சிஸும் (மூட்டும்) எங்கே நிற்கிறது என்ற கணக்கைக் காப்பாற்றுவது இந்தச் செல்கள்தான். ஆகவே எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு, பவரை ஆனில் வைத்தபடியே செல்லை மாற்ற வேண்டும். ஆப் என்ன சொன்னது தெரியுமா? ‘முதலில் மெயின் பவரை அணைத்துப் பூட்டுப் போடுங்கள், பிறகு பேட்டரியை எடுங்கள்.’ மற்ற மெஷின்களுக்கெல்லாம் அது உத்தமமான அறிவுரை. இங்கே அப்படிச் செய்தால் ஜீரோ பொசிஷன் போய்விடும், எஸ்ஆர்விஓ-062 வந்து நிற்கும், அப்புறம் மாஸ்டரிங் செய்து, அதாவது ஜீரோவை மறுபடி பதிவு செய்து, பாயின்ட்டுகளைச் சரிபார்க்க ஒரு ஷிப்ட் காலி. எனக்குத் தெரியும், சிரித்துவிட்டுப் போய்விட்டேன். நைட் ஷிப்டில் தனியாக நிற்கும் டிரெய்னி பையன் சிரிக்க மாட்டான், செய்துவிடுவான்.

மாஸ்டரிங் செய்வதற்கான மாஸ்டர்/கால் திரை மெனுவில் தெரியவில்லை என்று கேட்டபோது, இல்லாத ஒரு மெனுவுக்குப் படிப்படியாக வழி சொன்னது. சிஸ்டம் வேரியபிளில் மாஸ்டர்-இஎன்பி என்பதை 1 ஆக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். இன்னொரு முறை ‘ரெவல்யூஷன் கவுன்டரை அப்டேட் செய்யுங்கள்’ என்றது. அது ஏபிபி என்ற வேறு கம்பெனி ரோபோவின் சமாச்சாரம். ஃபானுக்கில் போய் எங்கே தேடுவது? தப்பாகச் சொல்லும்போதும் குரலில் ஒரு தடுமாற்றம் இருப்பதில்லை, அதுதான் எரிச்சல்.

மெயின்டனன்ஸ் மேனுவலின் பிடிஎஃப்பை ஏற்றிவிட்டு, ‘இதில் இருப்பதை மட்டும் சொல், பக்க எண்ணோடு சொல்’ என்று கட்டளை போட்டால் இந்தக் கூத்து பெருமளவு குறைகிறது. அப்போதும் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் நான் எதையும் தொடுவதில்லை. கன்ட்ரோலர் மாடல் ஆர்-30ஐஏவா, ஆர்-30ஐபியா என்பதையும் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஷாப் ஃப்ளோரில் பயன்படுத்துவதில் சில்லறைத் தொல்லைகள் உண்டு. எங்கள் கேட்டில் போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். ரோபோவைக் கையில் வைத்து இயக்கும் டீச் பெண்டன்ட்டின் திரையைப் படம் எடுத்துக் கேள் என்று ஊரில் எல்லோரும் சொல்வது எங்களுக்கு உதவாது, டைப் அடிக்கத்தான் வேண்டும். கம்ப்ரசர் இரைச்சலில் வாய்ஸ் எடுபடாது. ஷீட் கூரைக்குக் கீழே சிக்னல் தேடி கேன்டீன் வாசலுக்கு ஓட வேண்டும். ரோபோ புரோகிராம் பேக்கப்பை மட்டும் தயவுசெய்து எதிலும் ஏற்றாதீர்கள். கஸ்டமர் பார்ட் விவரம் அதில் இருக்கும், வேலைக்கே உலை வைத்துவிடும்.

காசு கட்டி வாங்கலாமா என்று எங்கள் பையன்கள் கேட்கிறார்கள். மேனுவல் நிறைய ஏற்ற வேண்டியிருந்தால் வாங்கலாம். மற்றபடி இலவசமே போதும். பேட்டரி டப்பா மேல் ‘பவர் ஆனில் மாற்றவும்’ என்று பெயின்டில் எழுதிவைத்திருக்கிறோம்.